ஆடத் தெரியாதவனும் கோணல் ரிவால்வரும்

டிஸ்கி முதல்லயே: இது துப்பாக்கி வாங்கச் சொல்ற பதிவு இல்லை. வாங்கலாமா கூடாதாங்கற சண்டைக்கும் நான் வரலை. ஏற்கனவே வாங்கித் தொலைச்சிட்டு, குறி படலைன்னு துப்பாக்கியைத் திட்டிக்கிட்டு திரியற ஆசாமிகளுக்கான பதிவு. அந்த ஆசாமிகள்ல முதல் ஆள் நான்தான், அதனால யாரும் கோவிச்சுக்க வேணாம்.

போன வாரம் ஹூஸ்டன்ல இருக்கற காலேஜ் தோஸ்து போன் பண்ணான்.

"மச்சி, அந்தக் குட்டி ரிவால்வரை வித்துடப் போறேன்டா. ஏழு கஜத்துலயே ஒரு சாண் கீழ போகுது. சைட்டு கோணலா வந்திருக்கு."

"எத்தனை சுட்ட?"

"ஒரு டப்பா. அம்பது."

"அம்பதும் ஒரே எடத்துல கீழ போச்சா?"

"இல்லடா, அங்கங்க செதறி இருக்கு. மொத்தமாப் பாத்தா கீழ, இடது பக்கம்."

"அப்ப சைட்டு கோணல்னு எப்படிடா சொல்ற?"

அந்தப் பக்கம் அமைதி. அப்புறம், "ரேஞ்சுல எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க"ன்னான்.

ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம். ஆனா கூடம் கோணல்னு சொன்னவளுக்கு யாரும் 300 டாலர்ல லேசர் விக்கலை. இங்க விக்கிறாங்க. என் கடுப்பே அங்கதான்.

பொட்டி தட்டுற நமக்கு இது புரியாம இருக்கக் கூடாது மக்கா. சைட் கோணலா இருந்தா அஞ்சு தோட்டாவும் ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா, சேர்ந்து, தப்பான இடத்துல போய் உக்காரணும். சிதறினா அது வேற வியாதி. முதலாவது, ப்ரோக்ராம் எப்பவும் விடையை மூணு கூட்டிச் சொல்ற மாதிரி. ரெண்டாவது, ஒவ்வொரு தடவை ரன் பண்ணும்போதும் ஒவ்வொரு விடை சொல்ற மாதிரி. ரெண்டாவதுக்கு யாராவது மூணைக் கழிச்சுட்டு 'ஃபிக்ஸ்டு'ன்னு போட்டு மூடினா டேமேஜர் டவுசரைக் கிழிக்க மாட்டாரா? ரேஞ்சுக்குள்ள நுழைஞ்சதும் இந்த அறிவெல்லாம் வாசல்லயே செருப்போட கழண்டுடுது.

எனக்கும் கழண்டுச்சு. அந்தக் கதையைச் சொல்லிடறேன்.

டல்லாஸ் பக்கம் வந்த புதுசுல வாங்கினது. ஜே ஃப்ரேம் வகை, அஞ்சு தோட்டா, .38 ஸ்பெஷல், அலுமினியம் ஃப்ரேம், ரெண்டு இஞ்சுக்கும் கொஞ்சம் கம்மியான பேரல். ஹேமர் உள்ள மறைஞ்சிருக்கும், அதனால கட்டை விரலால பின்னாடி இழுத்து வெச்சு சுட முடியாது. ஒவ்வொரு தடவையும் முழு நீள ட்ரிக்கர்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் இந்தக் குட்டி ஃப்ரேமை 1950ல 'சீஃப்ஸ் ஸ்பெஷல்'னு கொண்டு வந்தாங்க. போலீஸ்காரங்க சட்டைக்குள்ள மறைச்சு வெச்சுக்கறதுக்கு. அப்போ அது முழுக்க ஸ்டீல். என்னோடது அதோட இளைச்சுப் போன பேரன்.

முதல் நாள் ஏழு கஜத்துல, அதாவது 21 அடியில, அட்டைக்கு நடுவுல குறி வெச்சேன். எல்லாம் அடிவயித்துக்குக் கீழ. ரெண்டாம் நாள், மூணாம் நாள், அதே கதை. ஒரு சீனியர் (நம்மூர் அண்ணன்தான், இங்க வந்து 15 வருஷம் ஆச்சு, எல்லாத்துக்கும் ஒரு ரோசனை வெச்சிருப்பார்) சொன்னார், "தம்பி, முன் சைட்டை அரம் வெச்சு லேசா ராவிடு. முன் சைட் ஒசரம் கொறைஞ்சா குண்டு மேல போகும்." கணக்கு சரிதான். முன் சைட் குட்டையானா, அதைப் பழைய மட்டத்துக்குக் கொண்டு வர நாம பேரலை மேல தூக்குவோம், குண்டும் மேல ஏறும். பாடத்துல இருக்கறதுதான்.

ராவினேன். ஒரு மில்லிமீட்டர் இருக்கும். அடுத்த வாரம் பாத்தா குண்டெல்லாம் நடுவுக்குப் பக்கமா வந்து விழுந்துது. சிதறல் மட்டும் அப்படியே இருந்துது. நானோ ஏதோ கெர்னல் பக்கையே கண்டுபிடிச்சவன் மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அந்த ரேஞ்சுல மேற்பார்வைக்கு ஒரு பெரியவர் இருப்பார். ரிட்டயர்டு போலீஸ், எழுபது வயசுக்கு மேல. என்னை 'சன்'னு கூப்பிடுவார், அதை நான் தம்பின்னே படிச்சுக்கறேன். ஒரு சனிக்கிழமை பின்னாடி நின்னு ரெண்டு ரவுண்டு பாத்துட்டு, "தம்பி, குடு அதை"ன்னு வாங்கினார். அஞ்சு சுட்டார். அஞ்சும் ஒரு டீ கிளாஸ் வாய்க்குள்ள அடங்கும். ஆனா நடுவுல இருந்து மூணு இஞ்ச் மேல. துப்பாக்கியைத் திருப்பி முன் சைட்டைப் பாத்தார், என்னைப் பாத்தார். ஒண்ணுமே சொல்லலை. திட்டியிருந்தாக்கூட தேவலை.

அப்புறம் அவர் செஞ்ச வேலைக்காகத்தான் இந்தப் பதிவே.

என்னைத் திரும்பி நிக்கச் சொன்னார். சிலிண்டர்ல ரெண்டு நிஜத் தோட்டா, மூணு சுட்டு முடிஞ்ச காலிக் கூடு போட்டு, சுத்தி விட்டு, மெதுவா மூடி, குறி அட்டையைப் பாத்த மாதிரியே என் கையில குடுத்தார். எதுல தோட்டா, எதுல காலின்னு எனக்குத் தெரியாது. "சுடு."

இழுத்தேன். டிக். காலி. ஆனா துப்பாக்கி மூக்கு நாலு விரற்கடை கீழ குனிஞ்சு, இடது பக்கம் ஒரு வெட்டு வெட்டுச்சு. வெடிக்கவே இல்லை, உதைக்கவே இல்லை. ஆனா என் கை உதைக்குப் பதில் சொல்லியாச்சு. அவர் சிரிக்கலை, நான்தான் வெக்கப்பட்டு அசட்டுச் சிரிப்பு சிரிச்சேன்.

இதுக்கு இங்கிலீஷ்ல ஏதேதோ பேர் வெச்சிருக்காங்க. நம்ம ஊர்ல ஏற்கனவே பேர் இருக்கு: முந்திரிக்கொட்டைத்தனம். வெடிக்கப் போகுதுன்னு மூளைக்குத் தெரியும். அந்த நொடிக்கு ஒரு இமைப்பொழுது முன்னாடியே கை துப்பாக்கியைக் கீழ அமுக்கும். நிஜத் தோட்டா இருக்கும்போது இது கண்ணுக்குத் தெரியாது, வெடிச்சதும் துப்பாக்கி மேல எகிறி எல்லாத் தடயத்தையும் அழிச்சிடும். அதனாலதான் சுடுறவன் சத்தியம் பண்ணுவான், "நான் அசையவே இல்லை"ன்னு. காலிக் கூடு மட்டும்தான் சாட்சி சொல்லும்.

சின்ன ரிவால்வர்ல இந்த வியாதி ஏன் இவ்ளோ மோசம்? கணக்கைப் பாருங்க. துப்பாக்கி எடை அரைக் கிலோகூட இல்லை, 15 அவுன்ஸ் பக்கம். ட்ரிக்கரை முழுசா இழுக்க வேண்டிய விசை 12 பவுண்டு பக்கம், கிட்டத்தட்ட அஞ்சரைக் கிலோ. தன் எடையைப் போல பத்து மடங்குக்கு மேல இழுத்தும் அசையாம இருக்கணும்னு ஒரு சாமானை வடிவமைச்சிருக்காங்க! அது மட்டுமில்லை. முன் சைட்டுக்கும் பின் பள்ளத்துக்கும் நடுவுல சுமார் ஒன்பது செ.மீ. தான் இடைவெளி. அதுல ஒரு மில்லிமீட்டர் விலகினா 21 அடியில கிட்டத்தட்ட ஏழு செ.மீ. விலகும். நான் அரத்தால ராவின அந்த ஒரு மில்லிமீட்டருக்கும் பெரியவர் மூணு இஞ்ச் மேல சுட்டதுக்கும் கணக்கு டாண்ணு டேலி ஆகுதா? ஆவ்வ்வ்.

ஆக, நான் செஞ்சது என்ன? என் கை கீழ இழுக்கற பிழையை, துப்பாக்கியோட உலோகத்துல ஹார்ட்கோட் பண்ணியிருக்கேன். டெஸ்ட் பாஸ் ஆகறதுக்காக விடையில மூணைக் கூட்டிட்டேன். பின்னாடி நிஜ பக்கை சரி பண்ணதும் இந்த மூணு துருத்திக்கிட்டு நிக்குது. இந்த மாடல்ல முன் சைட் தனியா மாட்டினது இல்லை, பேரலோட ஒரே உடம்பு. ராவினதை ஒட்ட வைக்க முடியாது. பேரலையே மாத்தணும்.

சரி, மத்தவங்க கதைக்கு வருவோம். முதல்ல அந்தப் பை சார்ட்டு. கீழ இடது பக்கம் பட்டா ட்ரிக்கரை வெடுக்குனு இழுக்கறீங்க, மேல வலது பக்கம் பட்டா உள்ளங்கையால தள்ளறீங்கன்னு வட்டத்தைத் துண்டு துண்டா வெட்டி ஜோசியக் கட்டம் மாதிரி ஒட்டி வெச்சிருப்பாங்களே, அதேதான். நிறைய பேர் அதை வேதவாக்கா எடுத்துக்கறாங்க. இடது கைக்காரனுக்கு அதைக் கண்ணாடியில பாக்கற மாதிரி திருப்பிப் படிக்கணும்னுகூட பல பேருக்குத் தெரியாது. அதை விடுங்க, ஒரே இடத்துல குண்டு விழறதுக்கு நாலு காரணம் இருக்கலாம். கீழ போனது முந்திரிக்கொட்டையாலயா, லேசான குண்டாலயா, சைட்டாலயான்னு அந்தக் கட்டம் எப்படிச் சொல்லும்? அஞ்சும் அஞ்சு திசையில போனவனுக்கு எந்தக் கட்டத்துல பலன் பாக்கறது? கட்டம் பாக்கறவன் காலிக் கூடு போட்டுப் பாக்கறதில்லை. ஏன்னா கட்டம் மானத்தை வாங்காது.

அடுத்தது ஸ்பிரிங் கிட். ட்ரிக்கர் கனமா இருக்கா, லேசான ஸ்பிரிங் போடுன்னு ஒரு கூட்டம். ட்ரிக்கரை லேசாக்க ஹேமர் ஸ்பிரிங்கைத் தளர்த்தினா, அடி விழற வேகமும் குறையும். சில தோட்டா வெடிக்காது. ரிவால்வர்ங்கறதை ஜனங்க வாங்கறதே "இழுத்தா வெடிக்கும்"ங்கற ஒரே நம்பிக்கையிலதான். அதையும் காசு குடுத்துக் கழட்டிப் போடறாங்க. நல்ல கன்ஸ்மித் உரசற இடங்களை வழவழப்பாக்கித் தரலாம், அது வேற சங்கதி.

லேசர்? தோட்டா இல்லாம பழகும்போது சுவத்துல அந்தச் சிவப்புப் புள்ளி எப்படித் துள்ளுதுன்னு பாத்தா உங்க லட்சணம் தெரியும், அந்த வரைக்கும் நல்லது. ஆனா புள்ளி சரியான இடத்துல இருக்கும்போது 'இப்போ!'ன்னு வெடுக்குனு இழுக்கற புது வியாதியையும் அதுவே தரும்.

பெரியவர் சொல்லிக் குடுத்தது எதுக்கும் செலவே இல்லை. ஒரே ஒரு இடத்துல கொஞ்சம் காசு ஆச்சு: பிடி. மறைச்சு வெச்சுக்க வசதின்னு குடுத்திருந்த குட்டிப் பிடியில என் சுண்டு விரல் காத்துல தொங்கும். ஒரே ஸ்க்ரூவைக் கழட்டி முழு விரலும் படுற ரப்பர் பிடி போட்டேன். கையை எவ்வளவு மேல ஏத்திப் பிடிக்க முடியுமோ அவ்வளவு மேல, நல்லா இறுக்கி. கட்டை விரல் கீழ மடங்கி இருக்கணும். பிஸ்டல் பழக்கத்துல விரலை முன்னாடி நீட்டி வெச்சா, சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவுல இருக்கற இடுக்குல இருந்து பீச்சற சூடு விரலைப் பதம் பாத்துடும்.

ட்ரிக்கர்ல விரலை முதல் மடிப்பு வரைக்கும் கொண்டு போய், நிறுத்தாம, ஒரே சீரா இழுக்கணும். நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னா, முக்கால்வாசி இழுத்து நிறுத்தி, குறியைச் சரி பண்ணிட்டு, மிச்சத்தை வெடுக்குனு. அந்தக் கடைசிக் கால்வாசியிலதான் முந்திரிக்கொட்டை குந்தியிருந்தான். கிணத்துல தண்ணி எறைக்கற மாதிரி, பாதியில நிறுத்தாம இழு. எப்ப வெடிக்கும்னு நீ முடிவு பண்ணாதே.

வீட்டுல தினமும் பத்து நிமிஷம் வெறுமனே இழுத்துப் பழகினேன். தோட்டாவெல்லாம் வேற ரூம்ல, சிலிண்டரை ரெண்டு தடவை கண்ணாலயும் விரலாலயும் தடவிப் பாத்துட்டு. துப்பாக்கி மேல ஒரு காசை வெச்சு, அது விழாம இழுக்கணும். முதல் வாரம் தரை பூரா சில்லறை. (.22 வெச்சிருக்கறவங்க இப்படிப் பண்ணாதீங்க. அதுல பின் போய் சிலிண்டர் விளிம்புல இடிச்சு வீணாப் போயிடும்.) ரேஞ்சுல காதுக்குள்ள ஒரு அடைப்பு, அதுக்கு மேல ஒரு மூடி, ரெண்டும் போட்டேன். நம்ப மாட்டீங்க, பாதி பயம் உதையில இல்லை, சத்தத்துலதான். குட்டி பேரலோட சத்தம் நாலு சுவத்துக்குள்ள செவுட்டுல அறையற மாதிரி இருக்கும். முன் சைட்டும் பின் பள்ளமும் ரெண்டும் ஒரே சாம்பல் கலர், வித்தியாசமே தெரியாது. தங்கமணியோட ஆரஞ்சு நெயில் பாலிஷ்ல ஒரு பொட்டு வெச்சேன். அதுக்குத் தனியா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

துப்பாக்கி மேல தப்பே இருக்காதுன்னு சொல்லலை. இருக்கும். ஆனா அதைக் கண்டுபிடிக்க ஒரு வரிசை இருக்கு. மணல் மூட்டை மேல வெச்சு சுடுங்க, இல்லைன்னா தெரிஞ்சவர் ஒருத்தரைச் சுடச் சொல்லுங்க. அவருக்கும் சிதறினாத்தான் துப்பாக்கியைச் சந்தேகப்படணும். சேர்ந்து விழுந்து, ஆனா மேலயோ கீழயோ போனா, முதல்ல தோட்டாவை மாத்துங்க, அரத்தைத் தொடாதீங்க. .38 ஸ்பெஷலுக்குப் பழைய வழக்கமான குண்டு 158 கிரெய்ன். 110 கிரெய்ன் போட்டா கீழ விழும். கனமான குண்டு மெதுவாப் போகும், பேரலை விட்டு வெளிய வர்றதுக்குள்ள உதையில மூக்கு இன்னும் கொஞ்சம் மேல ஏறியிருக்கும், அதான் விஷயம். அட்டையில ஓட்டை வட்டமா இல்லாம நீளமா, குண்டு பக்கவாட்டுல போன மாதிரி இருந்தாலோ, சிலிண்டர் இடுக்குல இருந்து ஈயத் துணுக்கு தெறிச்சாலோ, முன் சைட் ஒரு பக்கமா சாஞ்சு பேரலே கோணலாத் திருகியிருந்தாலோ நேரா கன்ஸ்மித்கிட்ட போங்க. நம்ம சினிமா ஹீரோக்கள் மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டி 'டப்'னு சிலிண்டரை மூடுவாங்களே, அதைத் தயவுசெஞ்சு பண்ணாதீங்க. சிலிண்டரைத் தாங்கற கை வளைஞ்சுடும். நல்ல துப்பாக்கியை நிஜமாவே கோணலாக்க அதை விட சுலபமான வழி கிடையாது.

இப்ப கடைக்காரங்க மேல இருக்கற கோபம். தங்கமணியைக் கூட்டிக்கிட்டுப் போனப்போ கவுண்ட்டர்ல இருந்தவர் யோசிக்கவே இல்லை. "மேடத்துக்கு இதான்"னு இருக்கறதுலயே குட்டியா, 12 அவுன்ஸ்கூட இல்லாத ஒண்ணை எடுத்து வெச்சார். லேசா இருக்கு, பையில போட்டுக்கலாம், சின்னக் கைக்கு ஏத்ததுன்னு ஒரே பல்லவி. வாடகைக்கு எடுத்து ரேஞ்சுல ஒரு சிலிண்டர் சுட்டாள். அஞ்சாவது சுட்டப்போ கண்ணை மூடிட்டா. உள்ளங்கை சிவந்து, "எனக்கு இதெல்லாம் வராது, வுட்டுடுங்க"ன்னு நாற்காலியில போய் உக்காந்துட்டா. வராதாம்! அதே தோட்டா, அதே உதை. சாமான் எடை பாதியானா கைக்கு வர்ற அடி அதிகம்னு எட்டாங்கிளாஸ்ல படிச்சதுதானே? லேசான துப்பாக்கி தூக்கிக்கிட்டு நடக்கறவனுக்குத்தான் சொகம், சுடுறவனுக்கு இல்லை. அது கத்துத் தேறினவனோட ஆயுதம், அதைப் பழக வந்தவங்க கையில திணிக்கறாங்க.

பெரியவர் தன்னோட பழைய மாடல் 10ஐ எடுத்துக் குடுத்தார். நாலு இஞ்ச் பேரல், முழு ஸ்டீல், ஒரு கிலோவுக்குப் பக்கம். அதே .38 ஸ்பெஷல்தான். தங்கமணி ஆறு சுட்டா. ஆறும் ஒரு சாசருக்குள்ள. என் அட்டையை நான் சத்தமில்லாம சுருட்டி வெச்சுக்கிட்டேன்.

ஊர்லயும் இதே கதைதான். 2014ல கான்பூர் ஆர்ட்னன்ஸ் ஃபேக்டரி 'நிர்பீக்'னு ஒரு .32 ரிவால்வரைப் பெண்களுக்கானதுன்னு கொண்டு வந்தாங்க. பெருசாச் சொன்ன விஷயம் என்ன? அரைக் கிலோதான் எடை, கைப்பையில அடங்கும். விலை ஒரு லட்சத்துக்கு மேல. எங்க போய்ப் பழகறது, தோட்டாவுக்கு எங்க போறதுங்கறதைப் பத்தி அந்த அளவுக்கு யாரும் பேசலை.

"சரிப்பா, சும்மா பொழுதுபோக்குக்கு சுடுறோம், ஒரு சாண் தள்ளிப் போனா என்ன குடி முழுகிடுச்சு?"ன்னு தோஸ்து கேட்டான். மெரினாவுல பலூன் சுடுறப்போ நானும் அப்படித்தான். துப்பாக்கிக் குழல் வளைஞ்சிருக்குன்னு கடைக்காரரைக் கிண்டல் பண்ணிட்டு சுண்டல் வாங்கப் போயிடலாம். ஆனா அவன் இதை வாங்கினது பலூனுக்கு இல்லை. தலைமாட்டுல பெட்டியில பூட்டி வெச்சிருக்கான், ராத்திரி கதவை எவனாவது உடைச்சா எடுக்கறதுக்கு. நாம குடியிருக்கற அப்பார்ட்மென்ட்ல சுவர்னு சொல்றது ரெண்டு ஜிப்சம் அட்டை, நடுவுல காத்து. .38 குண்டு அதுல நிக்காது. அவன் ஹால் சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஆந்திரா குடும்பம், நாலு வயசுப் பொண்ணு, கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் கிடக்கு. அவனேதான் ஒரு தடவை சொன்னான், அந்தக் குட்டி ராத்திரி இருமினாக்கூட கேக்கும்னு. வெளிச்சத்துல, அட்டை அசையாம நிக்கும்போது, 21 அடியில ஒரு சாண் தப்பறவன், இருட்டுல கை நடுங்கும்போது எங்க சுடுவான்?

அதைக் கேட்டதும் அவன் ரொம்ப நேரம் பேசலை. வர்ற சனிக்கிழமை ரேஞ்சுக்குப் போகும்போது பத்து காலிக் கூடு பொறுக்கி வெச்சுக்கறேன்னான். லேசரை இப்போதைக்கு ஆர்டர் பண்ணலையாம்.

என் ரிவால்வர் இன்னும் மூணு இஞ்ச் மேலதான் சுடுது. 110 கிரெய்ன் போட்டதுல கொஞ்சம் இறங்குச்சு, முழுசா இல்லை. புது பேரலுக்கு அந்த சீனியர் அண்ணன் பாதிக் காசு குடுப்பாரான்னு கேட்டுப் பாக்கணும், ஹி ஹி.

பி.கு.: எச்1பி, எச்4 மக்களே, கடைக்கு ஓடாதீங்க. இந்த மாதிரி விசாவுல இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சிருக்க ஃபெடரல் சட்டப்படி தடை. செல்லுபடியாகற வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்கு உண்டு, கடையில நிரப்பற 4473 ஃபாரத்துலயும் அந்தக் கேள்வி இருக்கு. ரேஞ்சுல வாடகைக்கு எடுத்துக் கையில பிடிக்கறதும் இதுல சேரும். நானும் தங்கமணியும் முதல்லயே ஆளுக்கொரு லைசென்ஸ் வாங்கி வெச்சோம், இது வரைக்கும் ஒரு காடையைக்கூட விரட்டினதில்லை. உங்க கேஸ் வேற மாதிரி இருக்கலாம், வக்கீலைக் கேளுங்க, என்னைக் கேக்காதீங்க. ஆணி கூப்பிடுது, வர்றேன்.